குளத்து நத்தையும் குட்டை நத்தையும்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மதுரையில் பஸ் ஏறினேன். தூத்துக்குடிக்குச் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய் நாற்பது பைசா. ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் சின்ன வலை, பூதக்கண்ணாடி, மூடி போட்ட கண்ணாடிக் குழாய்கள், அரை பாட்டில் ஸ்பிரிட். மதுவிலக்கு நடக்கிற காலத்தில் ஒரு பெண் தனியாக ஸ்பிரிட் பாட்டிலோடு போனால் கண்டக்டர் சும்மா விடுவாரா? மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா?" என்றார். நத்தையை ஊறப்போட என்றேன். பாட்டிலைத் திருப்பித் தந்துவிட்டு, தூத்துக்குடி வரை என் பக்கமே அவர் வரவில்லை.

பயணத்தின் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெருமைப்படும் காரணம் அல்ல. நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். நன்னீர் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். குளம் குட்டையில் இருக்கும் நத்தைகளில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று மீனைப் போலச் செவுளால் மூச்சுவிடும். ஓட்டின் வாயை அடைக்க ஒரு மூடியும் வைத்திருக்கும். இன்னொன்றுக்குச் செவுளும் இல்லை, மூடியும் இல்லை. அதன் முன்னோர் எப்போதோ கரையேறிக் காற்றைச் சுவாசிக்கப் பழகி, பிறகு மனம் மாறித் தண்ணீருக்கே திரும்பிவிட்டவர்கள். அதனால் தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். அந்த இரண்டாவது கூட்டம்தான் என் பிழைப்பு.

அதில் லிம்னியா என்று ஒன்று, ஃபைசா என்று ஒன்று. இரண்டும் விரல் நகம் அளவு, மெல்லிய பழுப்பு ஓடு, ஒரு பக்கம் கூரான நுனி. பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் லிம்னியா பொல்லாதது. மாட்டின் ஈரலைத் தின்னும் புழு, குஞ்சாக இருக்கும்போது இந்த நத்தையின் உடம்புக்குள்தான் வளர்கிறது. அங்கிருந்து வெளியே வந்து கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். புல்லை மேயும் மாடு, தாடையில் நீர் கோத்து, மெலிந்து, கடைசியில் விழுந்துவிடும். ஃபைசா அந்தப் பாவத்துக்குப் போகாது. இரண்டையும் பிரிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு விவசாய மாத இதழில் அதை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். நத்தையின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் ஆபத்து, இடப்பக்கம் இருந்தால் பயமில்லை. சந்தேகம் இருந்தால் கடிதம் போடுங்கள்.

ஒரே ஒரு கடிதம்தான் வந்தது. எழுதியவர் பெயர் சுடலைமுத்து. ஏரல் பக்கம் ஒரு கிராமம். அதன் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். ஊரில் ஒரு கன்று செத்துப்போனது, மாடு தண்ணீர் குடிக்க இரண்டு இடம் இருக்கிறது, இரண்டிலும் நத்தையை எடுத்துப் பார்த்தேன், குளத்து நத்தைக்கு வாய் வலப்பக்கம், குட்டை நத்தைக்கு இடப்பக்கம் என்று தெளிவாக எழுதியிருந்தார். நான் ஒரு கார்டில் பதில் போட்டேன்: குளத்தை விடுங்கள், குட்டைக்கே ஓட்டுங்கள். இரண்டு நத்தையை ஒரு டப்பாவில் போட்டு அனுப்புங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். கார்டில் இடம் கூட இருந்தது.

போன வாரம் இரண்டாவது கடிதம். நீங்கள் சொன்னபடி குட்டைக்குத்தான் ஓட்டுகிறோம், இரண்டு கிடேரி போய்விட்டது, பால் மாடு ஒன்றுதான் பாக்கி, அதற்கும் தாடை வீங்குகிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இடவாய் நத்தையில் ஈரல் புழுவா? எந்தப் புத்தகத்திலும் இல்லையே. மாட்டுக்காக வருத்தப்பட்டேன் என்பது உண்மை. கூடவே, இது யாரும் பார்த்திராத ஒரு நத்தையாக இருந்தால் அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதும் உண்மை. சனிக்கிழமை மத்தியானம் தூத்துக்குடியில் வேலை முடியும், சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு வந்தால் ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவர் எழுதியிருந்ததால்தான் இந்தப் பயணம்.

பத்தரை மணிக்குத் தூத்துக்குடி. இறங்கியதும் முகத்தில் அடித்தது உப்புக் காற்று. அதோடு கலந்து கருவாடு, நிலக்கரிப் புகை. சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் கடற்கரைப் பக்கத்துக் கிட்டங்கிக்கு எவ்வளவு என்றேன். முக்கால் ரூபாய் என்றார்.

"சங்கு வாங்கவா வந்திய?"

"இல்லை, நத்தை பார்க்க."

"கடல்ல கெடக்கது அம்புட்டும் நத்தைதானே."

"கடல் நத்தை வேண்டாம். குளத்து நத்தை."

அவர் மிதிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "முத்தும் சங்கும் வெளையுத ஊருக்கு வந்து குளத்து நத்தையத் தேடுதீயளே" என்றார். பெரிய மாதா கோயிலைத் தாண்டினோம். தெற்கே புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போன லாரிகளின் தூசியைத் தின்றோம்.

பதினொன்று. கிட்டங்கி என்பது ஓடு வேய்ந்த நீளமான சரக்குக் கொட்டகை. உள்ளே இடுப்பளவு சங்குக் குவியல்கள். வங்காளத்தில் வளையல் அறுக்கப் போகிறவையாம். சங்குக்குள்ளிருந்த சதை அழுகிப் போனாலும் அதன் நாற்றம் போகாது போலிருக்கிறது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். பாயில் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்தான் சுடலைமுத்து. நாற்பது வயது, ஒல்லி, காதில் பென்சில். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். பக்கத்தில் ஸ்டூலில் இருந்த பெரியவரைக் காட்டி, "லூர்து அண்ணாச்சி. எங்க மேஸ்திரி" என்றார். பெரியவர் சட்டைக்கு வெளியே சிலுவை தொங்க, ஒரு சோடாவை உடைத்து என்னிடம் நீட்டினார்.

"பன்னெண்டரைக்குத்தான் விடுவாவ, டீச்சர். செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு சுடலைமுத்து வேலையைத் தொடர்ந்தார். அது பார்க்கத்தக்க வேலை. ஒரு மரப்பலகையில் வட்ட ஓட்டைகள். சங்கை எடுத்து ஓட்டையில் விட்டுப் பார்ப்பார். விழுந்தால் சிறிசு, நின்றால் பெரிசு. பிறகு ஒரு கணம் முகத்துக்கு நேரே தூக்கி வாயைப் பார்ப்பார். புழு அரித்திருக்கிறதா, விளிம்பு உடைந்திருக்கிறதா என்று. ஒரு நிமிடத்துக்குப் பத்து சங்கு போயிருக்கும். அத்தனையையும் ஒரே மாதிரிதான் பிடித்தார். குமிழ் போன்ற சுற்றுத் தலை உள்ளங்கையில், ஒடுங்கிய வால் வானத்தைப் பார்த்து.

எனக்கு அது உறுத்தியது. பன்னிரண்டு வருஷமாக மாணவிகளின் கையைத் தட்டித் தட்டித் திருத்திய பழக்கம். நத்தை ஓட்டை, சுருள் தொடங்கும் நுனி, சங்கில் அந்தக் குமிழ்த் தலை, மேலே இருக்கும்படிதான் பிடிக்க வேண்டும். அப்படித்தான் படம் வரைவோம், அப்படித்தான் பெயர் வைப்போம். ஒரு சங்கை எடுத்துத் தலை மேலே வரும்படித் திருப்பி, வாத்தியாரம்மா தோரணையில், "பாருங்கள், இதற்கு வாய் வலப்பக்கம்" என்றேன்.

லூர்து அண்ணாச்சி புரையேறச் சிரித்தார். "இது வலம்புரின்னா, ஏலே சொடலை, இந்நேரம் மொதலாளி இந்த டீச்சரைத் தங்கத் தட்டுல வச்சுல்லா தாங்குவாரு."

சுடலைமுத்து சிரிக்கவில்லை. மரியாதையாக என் கையிலிருந்த சங்கை வாங்கி, வால் மேலே வரும்படித் திருப்பிக் கொடுத்தார். "தலகீழாப் பிடிச்சிருக்கிய டீச்சர். இப்பிடிப் பாருங்க. வாய் இடப்பக்கம். லட்சத்துல ஒண்ணுக்குத்தான் வலப்பக்கம் இருக்கும். இது எல்லாமே இடப்பக்கம்தான்."

"தலைகீழாகப் பிடித்திருப்பது நீங்கள்" என்றேன்.

"எங்க தாத்தா காலத்துலருந்து இப்பிடித்தான் டீச்சர்."

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஊருக்கு ஊர் வழக்கம் என்று மனதுக்குள் குறிப்பெடுத்துக்கொண்டேன். அவர் மறுபடி பாயில் உட்கார்ந்து, சங்கை எடுத்து, வாலை மேலே நிறுத்தி, வாயைப் பார்த்தார். அப்போதுதான் தோன்றியது. இந்தக் கைதானே குளத்து நத்தையையும் எடுத்துப் பார்த்திருக்கும்?

பையைத் துழாவி, கல்லூரியிலிருந்து கொண்டுவந்த குழாயைத் திறந்தேன். உள்ளே ஸ்பிரிட்டில் ஊறிய ஒரு லிம்னியா. அசல் பொல்லாதது. அதை அவர் உள்ளங்கையில் வைத்து, "வாய் எந்தப் பக்கம், சொல்லுங்கள்" என்றேன். விரல் நகம் அளவு நத்தையை அவர் பெரிய சங்கைப் பிடிப்பது போலவே பிடித்தார். கூர் நுனி கீழே, அகன்ற வாய் மேலே.

"இடப்பக்கம் டீச்சர். நல்ல நத்தை" என்றார்.

நான் என் கட்டுரையை மனதில் வரி வரியாக ஓட்டிப் பார்த்தேன். வாய் உங்களைப் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தேன். எந்த நுனி மேலே என்று எழுதவில்லை. அதைப் போய் சொல்ல வேண்டுமா என்ன என்று நினைத்திருக்கிறேன். இந்தக் கடற்கரையில் சங்கு பிடித்துப் பழகிய ஒரு மனிதர் நான் எழுதியதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். குளம் குட்டையாகிவிட்டது, குட்டை குளமாகிவிட்டது. நான் குட்டையைக் காட்டினேன், அவர் மாட்டை ஓட்டினார். நத்தையைத் திரும்பக் குழாய்க்குள் போட மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

பகல் ஒன்று பத்து. ஏரல் பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு ரூபாய் ஐந்து பைசா. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். அதனால் அவரிடம் எதையும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாமல் போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் ஒளிக்கப் போவதில்லை. முத்தையாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெளேரென்று கண் கூசியது. பழையகாயலில் மீன்கூடைகள் ஏறின. நான் வலது கையையும் இடது கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுனி மேலே என்றால் வலம். நுனி கீழே என்றால் இடம். அவர் வலம் என்றால் என் இடம். அப்படியானால் குளத்தில் இருப்பது ஃபைசா. அல்லது நான் இப்போது குழம்பியதில் மறுபடி மாற்றிவிட்டேனா? பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அம்மாள், "கையில என்ன வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். முக்காணியில் தாமிரபரணி பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. அங்கிருந்து வாழையும் வெற்றிலைக் கொடியும் வயலுமாக ஏரல் வரை ஒரே பச்சை.

இரண்டரை மணிக்கு ஏரல். சந்தைக் கூட்டத்தை விட்டு வெளியே வந்து மூன்று கிலோமீட்டர் நடை. வாய்க்கால் கரையில் போகும்போது சொன்னேன். கோவையாகச் சொல்லவில்லை. சங்கு, நுனி, கார்டு என்று உளறினேன். சுடலைமுத்து கேட்டுக்கொண்டே நடந்தார். நடுவில் ஒரு முறை நின்று, தன் வெறுங்கையை முகத்துக்கு நேரே தூக்கி, இல்லாத ஒரு நத்தையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பம் குட்டைதான் கெட்டது?"

"ஆமாம்."

"நாங்களா கொண்டுபோய் விட்டிருக்கோம்."

"நீங்கள் இல்லை. நான்."

நூறு அடி முன்னால் நடந்தார். பிறகு, "எம் பொண்டாட்டி செல்லக்கனிகிட்ட இத நான் சொல்ல மாட்டேன் டீச்சர். நீங்களே சொல்லிருங்க" என்றார்.

மூன்றேகால். முதலில் குளம். மாடே வராததால் கரைப் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தால் நத்தைகள் ஒவ்வொன்றாகத் தாமரைத் தண்டில் ஏறி மேலே வந்து, தண்ணீரின் தோலைத் தொட்டு, பக்கத்திலுள்ள சின்னத் துளையைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டு கீழே இறங்கின. சாதாரண நாளாக இருந்தால் மணிக்கணக்கில் பார்த்திருப்பேன். ஒன்றை எடுத்தேன். நுனியை மேலே வைத்தேன். இடம். கீழே வைத்தேன். வலம். மறுபடி மேலே வைத்தேன். என் கையை எனக்கே நம்பப் பயமாக இருந்தது. எம்.எஸ்ஸி. படித்தவள் ஒரு குளக்கரையில் வலக்கை எது இடக்கை எது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நல்லவேளை, நத்தைக்கு ஓடு மட்டும் இல்லை. உயிரோடு இருப்பதை ஒரு குழாய்த் தண்ணீரில் விட்டால் கொம்பு நீட்டும். ஃபைசாவின் கொம்பு நூல் மாதிரி மெல்லிசு. லிம்னியாவின் கொம்பு அகலமாக, முக்கோணமாக, பூனைக்குட்டியின் காது போல இருக்கும். அதற்கு வலமும் இல்லை, இடமும் இல்லை, மேலும் கீழும் இல்லை. குளத்து நத்தை நூல் கொம்பை நீட்டியது. வயலை ஒட்டிய குட்டைக்குப் போய் எடுத்த பத்தும் முக்கோணக் கொம்பை நீட்டின. கரையெல்லாம் மாட்டுக் குளம்புத் தடம். புல் வேர் வரை மேயப்பட்டிருந்தது. புது இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாடப்புத்தகத்தில் உள்ளது உள்ளபடி இருந்தது.

நாலேகால். வீடு ஊரின் தென்கோடியில். செல்லக்கனி வாசலில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். "வாங்க டீச்சர். உங்க கார்டு வீட்டுல பத்திரமா இருக்கு" என்று கை கழுவப் போனாள். தொழுவத்தில் மூன்று முளைக்குச்சிகள். ஒன்றில் மட்டும் மாடு. செவலைப் பசு. தாடைக்குக் கீழே ஒரு பை தொங்குவது போல நீர் கோத்திருந்தது. கண் இமையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ரத்தமே இல்லை, வெள்ளையாக இருந்தது.

நின்றபடியே சொன்னேன். இந்த முறை கோவையாகச் சொன்னேன். குட்டையில்தான் நோய் இருக்கிறது, குளத்தில் இல்லை, நான் எழுதியது தப்பு, உங்கள் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, ஊரில் மற்றவர்களும் குட்டைக்கு ஓட்ட வேண்டாம். ஏரல் மாட்டாஸ்பத்திரியில் ஈரல் புழுவுக்கு மருந்து உண்டு, நாளைக் காலையிலேயே ஓட்டிப்போக வேண்டும், மருந்தின் பெயரை எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். சுடலைமுத்து மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

செல்லக்கனி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்தச் செவலை குட்டைக்கு வராது டீச்சர்" என்றாள். "மொத நாளு குளத்துப் பாதையில திரும்பி நின்னுக்கிட்டு நகர மாட்டேன்னுட்டு. பழகுன எடம்லா. படிச்சவுக எழுதியிருக்காவளேன்னு கம்ப எடுத்து அடிச்சு ஓட்டுனேன். ஒரு வாரம் அடிச்சேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும். மாட்டிடம் கேட்பதா, அவளிடம் கேட்பதா என்று தெரியவில்லை. கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை.

"அப்பம் இனிமே எந்தத் தண்ணி?" என்றாள்.

"குளம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அந்தக் குரல் எனக்கே பழக்கமானது. அன்று கார்டில் எழுதியதும் அதே குரலில்தான். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டு வந்து தந்தாள். உடன்குடிக் கருப்பட்டி என்று சொன்னாள். ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.

ஐந்தே முக்கால். ஏரலில் ஆறரைக்குக் கடைசி பஸ். மருந்தின் பெயரையும் ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். சுடலைமுத்து வழியனுப்ப வந்தார். குளத்துக்குப் போகும் பாதை பிரியும் இடத்தில், மாட்டை இந்நேரம் இங்கே ஓட்டிவந்திருப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பாதையில் ஒருவரும் இல்லை. ஊர்க் கிணறு தெரிந்தது. செல்லக்கனி தண்ணீர் இறைத்துக் குடத்தில் ஊற்றி, இடுப்பில் ஏற்றி, வீட்டைப் பார்த்து நடந்தாள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் இருநூறு அடியாவது இருக்கும். குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி வந்தாள்.

"வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

"மாட்டுக்கு" என்றார் சுடலைமுத்து. "ஒரு நாளைக்கு எட்டுக் குடம் குடிக்கும்."

"குளத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே. சொன்னேனே."

"சொன்னீய" என்றார் அவர்.

நான் இந்த முறை சொன்னது சரி. கொம்பைப் பார்த்துச் சொன்னது, நூற்றுக்கு நூறு சரி. அவள் மூன்றாவது குடத்தை இறைத்துக்கொண்டிருந்தாள்.